பயத்தை விற்று வாங்கிய சண்டை

2004 ஆகஸ்டில் ‘ஏலியன் வெர்சஸ் பிரிடேட்டர்’ அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது, அதன் போஸ்டரில் ஒரு வாசகம் இருந்தது: யார் ஜெயித்தாலும் தோற்பது நாம்தான். சினிமா விளம்பரத்தில் இவ்வளவு சுருக்கமான மிரட்டல் அபூர்வம். இரண்டு பூதங்கள் மோதுகின்றன, எது மிஞ்சினாலும் அடுத்த இரை மனிதன் என்பது அதன் அர்த்தம். படத்தைக் கடைசிவரை பார்த்தவர்களுக்குத் தெரியும், திரையில் நடப்பது வேறு. பிரிடேட்டரின் கை ஓங்கும்போது கதாநாயகி பிழைக்கிறாள். பிழைப்பதோடு நிற்காமல், அது செய்துகொடுத்த ஈட்டியையும் கேடயத்தையும் ஏந்திக்கொண்டு அதன் பக்கத்தில் நின்று போரிடுகிறாள். போஸ்டர் கொடுத்த வாக்கைப் படம் காப்பாற்றவில்லை. இயக்குநர் பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சனுக்குத் திறமை போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். இருபது வருடங்களாக ரசிகர்களில் ஒரு பெரிய கூட்டம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவர் மேதை என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அந்த வாக்கை வேறு எந்த இயக்குநராலும் காப்பாற்றியிருக்க முடியாது என்பது என் கட்சி. இந்த இரண்டு ஜந்துக்களையும் ஒரே கதைக்குள் நிறுத்திய மறுநிமிடமே ஒன்று பாதி மனிதனாகிவிடுகிறது, மற்றது வேட்டைக்கான மிருகமாகிவிடுகிறது. ஏன் அப்படி என்று புரிய, இரண்டும் தனித்தனியாக நம்மை எப்படிப் பயமுறுத்தின என்று பார்க்க வேண்டும்.

‘ஏலியன்’ 1979-ல் ரிட்லி ஸ்காட் இயக்கிய படம். நாஸ்ட்ரோமோ என்ற சரக்குக் கப்பலில் ஏழு பேர் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். வழியில் ஒரு சிக்னல் கேட்கிறது. அதைத் தேடிப்போன இடத்தில் முட்டைகள். ஒரு முட்டையிலிருந்து தாவிய ஜந்து, கேன் என்பவரின் முகத்தைக் கவ்விக்கொள்கிறது. அறுத்தெடுக்கப் பார்த்தால் அதன் ரத்தமே அமிலம். கப்பலின் தளங்களை ஒவ்வொன்றாக ஓட்டை போட்டுக்கொண்டு கீழே இறங்குகிறது. பிறகு அந்த ஜந்து தானாகவே விழுந்து சாகிறது. கேன் கண் விழிக்கிறார், பசிக்கிறது என்கிறார், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார். கிண்டலும் சிரிப்புமாகப் போகும் அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் அவர் நெஞ்சைப் பிளந்துகொண்டு குட்டி வெளியே வருகிறது. காட்சியில் என்ன நடக்கும் என்று நடிகர்களுக்குத் தெரியும், எவ்வளவு ரத்தம் பீய்ச்சியடிக்கும் என்பது தெரியாது. அது வெரோனிகா கார்ட்ரைட்டின் முகத்தில் தெறிக்கும்போது அவர் அலறுவதில் நடிப்பு பாதிதான்.

குளவி கொட்டிக் கொட்டியே புழுவைக் குளவியாக்கிவிடுகிறது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. குரு சீடனை உருவாக்குவதற்கு உவமையாகச் சொற்பொழிவுகளில் அதைக் கேட்டிருப்போம். பூச்சியியல் சொல்லும் கதை அவ்வளவு புனிதமானதல்ல. சில வகைக் குளவிகள் புழுவின் உடலில் முட்டையிடுகின்றன. பொரித்து வரும் குஞ்சு அந்தப் புழுவை உயிரோடு தின்று வளர்ந்து வெளியேறுகிறது. கதாசிரியர் டான் ஓ’பானன் தன் ஜந்துவின் பிறப்பை அமைத்தது இத்தகைய ஒட்டுண்ணிப் பூச்சிகளை மனதில் வைத்துத்தான். குளவிக்குப் புழுமீது கோபம் எதுவும் இல்லை. ஏலியனுக்கும் கேன்மீது கோபம் இல்லை. சுவிட்சர்லாந்து ஓவியர் எச். ஆர். கீகர் வடிவமைத்த அதன் நீண்ட தலையில் கண்களே கிடையாது. நம்மைப் பார்க்கிறதா, வேறெங்கோ பார்க்கிறதா, ஏதாவது நினைக்கிறதா என்று அந்த வழவழப்பான மண்டையை வைத்து எதையும் சொல்ல முடியாது. கப்பலில் மனிதனைப்போல நடமாடும் இயந்திரமான ஆஷ் அதை வியந்து பாராட்டுவதும் இதற்காகத்தான்: மனசாட்சியின் தொந்தரவு அதற்கு இல்லை. படம் முழுவதிலும் அது திரையில் தெரிவது மொத்தமாகச் சில நிமிடங்கள்தான். அது என்ன, எங்கிருந்து வந்தது, எதற்காக என்ற கேள்விகளுக்குப் படம் பதில் சொல்லவே இல்லை.

பிரிடேட்டரின் பயம் வேறு ஜாதி. ஜான் மக்டியர்னன் இயக்கிய 1987 படத்தில், மத்திய அமெரிக்கக் காட்டுக்குள் ஆயுதங்களோடு நுழையும் அர்னால்ட் ஷ்வார்ஸ்னெக்கரின் படையை ஏதோ ஒன்று ஒவ்வொருவராக வேட்டையாடுகிறது. முதலில் நமக்கும் எதுவும் புரிவதில்லை. மரங்களுக்கிடையே காற்று நெளிவது மட்டும் தெரிகிறது. ஆனால் இந்தப் படம் மெதுவாக விடைகளைக் கொடுத்துக்கொண்டே போகிறது. கைதியாகப் பிடிபட்ட பெண்ணை அது தொடவில்லை. ஏன்? அவள் கையில் ஆயுதம் இல்லை. கொன்றவர்களின் மண்டையோட்டைச் சுத்தம் செய்து எடுத்துவைக்கிறது. ஏன்? வேட்டையின் நினைவுச் சின்னம். சேற்றைப் பூசிக்கொண்ட ஷ்வார்ஸ்னெக்கர் அதன் கண்ணுக்குத் தெரியாமல் போவது, அது உடல் சூட்டை வைத்துப் பார்ப்பதால். கடைசியில் சமமான எதிரி கிடைத்துவிட்டான் என்று கண்டதும் முகமூடியைக் கழற்றி, தோளில் இருந்த பீரங்கியையும் இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையோடு வருகிறது. 1990-ல் வந்த இரண்டாம் படம் இதை இன்னும் நீட்டியது. கர்ப்பிணியான போலீஸ்காரியைக் கொல்லாமல் விட்டுப்போகிறது. ஜெயித்த டேனி குளோவருக்கு 1715 என்று பொறித்த ஒரு பழைய கைத்துப்பாக்கியைப் பரிசாகக் கொடுக்கிறது. இந்த ஜந்துவுக்கு மானம், மரியாதை, விதிமுறை எல்லாம் உண்டு. பயமுறுத்துவது அதன் புதிர் அல்ல, நம்மைவிடத் தேர்ந்த வேட்டைக்காரன் ஒருவன் இருக்கிறான் என்ற எண்ணம்.

இன்னொரு வேறுபாட்டைக் கவனித்தால் எல்லாம் தெளிவாகும். 1987 படத்தில் பிரிடேட்டரின் உருவம் நமக்குத் தெரிவதற்கு வெகு முன்பே அதன் பார்வை தெரிந்துவிடுகிறது. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் காடு மாறும்போது நாம் அதன் முகமூடிக்குள் உட்கார்ந்து மனிதர்களைப் பார்க்கிறோம், அவர்கள் பேச்சை அது ஒட்டுக்கேட்பதைக் கேட்கிறோம். 1979 படத்தில் ஏலியனின் கண்ணால் ஒரு ஷாட்கூட இல்லை. அதற்குக் கண்ணே இல்லையே. ஆக, பிரிடேட்டருக்குள் ஓர் ஆள் இருக்கிறான் என்பதை முதல் படத்திலேயே ரசிகன் ஏற்றுக்கொண்டுவிட்டான். ஏலியனுக்குள் யாரும் இல்லை என்பதையும் அப்படியே ஏற்றுக்கொண்டான். இப்போது இரண்டையும் மோதவிட்டால் ரசிகனின் மனம் எந்தப் பக்கம் சாயும்? உள்ளே ஆள் இருக்கும் பக்கம்தான். இதற்கு இயக்குநரின் உத்தரவு தேவையில்லை.

இரண்டையும் சேர்க்கும் யோசனை சினிமாவில் பிறந்ததல்ல. இரண்டின் காமிக்ஸ் உரிமையையும் வைத்திருந்த டார்க் ஹார்ஸ் நிறுவனம் 1989-ல் அந்தக் கதையைத் தொடங்கியது. மறுவருடம் வந்த ‘பிரிடேட்டர் 2’ படத்தில், வேற்றுக்கிரகக் கப்பலின் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த மண்டையோடுகளுக்கு நடுவே நீண்ட தலை ஒன்று சில விநாடிகள் தெரிந்தது. ரசிகர்களுக்கு அது போதுமாயிருந்தது. அந்தச் சில விநாடிகள் பின்னால் வந்த முழுநீளப் படங்களைவிட வலுவானவை என்றே நான் நினைக்கிறேன், ஏனென்றால் அவை கேள்வியைக் கிளப்பிவிட்டுப் பதில் சொல்லாமல் போய்விட்டன. ஆனால் அந்தச் சுவரை இன்னொரு முறை பாருங்கள். மண்டையோடு யாருடையது, சுவர் யாருடையது? ஏலியன் அங்கே ஒரு கோப்பை. பிரிடேட்டர் அதை ஜெயித்து வைத்திருப்பவன். இருவரும் சமமான எதிரிகள் என்று பின்னால் எத்தனை போஸ்டர் அடித்தாலும், உறவுமுறை அந்தச் சுவரிலேயே எழுதியாகிவிட்டது.

இரண்டு படவரிசைகளும் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் என்ற ஒரே ஸ்டூடியோவின் சொத்து. அதனால் உரிமைச் சிக்கல் பெரிதாக இல்லை. இருந்தும் திரைக்கு வரப் பல திரைக்கதைகளும் பத்து வருடத்துக்கு மேலும் பிடித்தன. கடைசியில் ஆண்டர்சனின் கதை தேறியது. 2004-ல், கிட்டத்தட்ட அண்டார்டிகாவின் வாசலில் இருக்கும் பூவே தீவில், பனிக்கு 2,000 அடிக்குக் கீழே ஒரு பிரமிடு இருப்பதைச் செயற்கைக்கோள் காட்டிக்கொடுக்கிறது. (நார்வேக்குச் சொந்தமான அந்தத் தீவு நிஜத்தில் அண்டார்டிகாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது, ஆண்டர்சன் அதை இழுத்துக் கொண்டுவந்துவிட்டார்.) நோயாளியான கோடீஸ்வரர் வெய்லண்ட் ஒரு குழுவை அழைத்துக்கொண்டு இறங்குகிறார். எகிப்து, கம்போடியா, ஆஸ்டெக் பாணிகளெல்லாம் கலந்த அந்தக் கட்டடத்தில் நூறு வருடத்துக்கு ஒருமுறை இளம் பிரிடேட்டர்கள் ஏலியன்களை வேட்டையாடி, ஆளாகிவிட்டதை நிரூபிக்க வேண்டும் என்பது சடங்கு. ஏலியன்கள் பிறக்க உடல் வேண்டும், அதற்குத்தான் மனிதர்கள். செக் குடியரசில் செட் போட்டு எடுத்த படம் சுமார் 6 முதல் 7 கோடி டாலரில் முடிந்தது. விமர்சகர்களுக்கு முன்கூட்டிப் போட்டுக்காட்டவில்லை. போட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று ஸ்டூடியோவுக்குத் தெரிந்திருக்கும். உலகம் முழுவதும் 17 கோடி டாலருக்கு மேல் கல்லா கட்டியது.

படத்தில் என் வாதத்துக்கு நேரடியான சாட்சி வெய்லண்டின் மரணம். லான்ஸ் ஹென்ரிக்சன் நடித்த அந்தப் பாத்திரம் மூச்சுத் திணறிக் கீழே கிடக்கும்போது பிரிடேட்டர் வந்து நிற்கிறது. அதன் பார்வையில் அவர் உடல் ஊடுருவித் தெரிகிறது, நுரையீரலில் நோய். இவனைக் கொல்வதில் பெருமை இல்லை என்று திரும்பி நடக்கிறது. வெய்லண்ட் விடவில்லை, கையில் கிடைத்த தீப்பந்தத்தையும் வாயுக் குப்பியையும் வைத்து அதன் முதுகில் நெருப்பை ஊதுகிறார். அப்புறம்தான் அது திரும்பிவந்து அவரைக் கொல்கிறது. காட்சியின் நியாயம் யார் பக்கம் என்று எந்த ரசிகனுக்கும் சந்தேகம் வராது. பூதம் முறைப்படி நடந்துகொண்டது, மனிதன்தான் அத்துமீறினான். பின்பாதியில் சனா லேதன் நடித்த லெக்ஸ், எஞ்சியிருக்கும் ஒரே பிரிடேட்டரிடம் அது பறிகொடுத்த ஆயுதத்தைத் திருப்பிக் கொடுக்கிறாள். அது செத்த ஏலியனின் தலையை வெட்டிக் குடைந்து கேடயமாகவும், வால் நுனியை ஈட்டியாகவும் மாற்றி அவளிடம் நீட்டுகிறது. வெடித்துச் சிதறப்போகும் பிரமிடிலிருந்து இருவரும் சேர்ந்து ஓடித் தப்புகிறார்கள். பிறகு ஏலியனின் அமிலத்தால் அவள் கன்னத்தில் வேட்டைக்காரர் குலத்தின் முத்திரையைச் சுட்டுவைக்கிறது. கொஞ்சம் நிதானமாக யோசித்தால் இது நட்பின் கதை. இரண்டு போர்வீரர்கள் ஒருவரையொருவர் மதிக்கக் கற்றுக்கொள்ளும், ஆயிரம் முறை பார்த்துப் பழகிய கதை. இதில் பயப்பட என்ன மிச்சம்?

ஏலியன் பக்கம் நடந்ததோ இன்னும் பரிதாபம். அந்தக் கேடயத்தையே பாருங்கள். கண்ணில்லாத, அர்த்தமில்லாத, இருபத்தைந்து வருடங்களாக ரசிகர்களின் தூக்கத்தைக் கெடுத்த அந்தத் தலை, கைப்பிடி வைத்த ஒரு தட்டுமுட்டுச் சாமானாகிவிட்டது. மூன்று பிரிடேட்டர்களில் இரண்டை ஒரே ஏலியன் கொன்றுவிடுகிறதே, அது எப்படி வெறும் இரையாகும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஏலியனைப் படம் எப்படிக் காட்டுகிறது? பிரிடேட்டர் வீசிய வலை அதன் தலையில் பதிந்து கட்டம் கட்டமாகத் தழும்பு போட்டுவிடுகிறது, பிறகு வரும் கும்பலில் அதை நாம் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காக. வாலைப் பிடித்துச் சுழற்றித் தூண்களில் அடிப்பது, எழுந்துவந்து திருப்பி அடிப்பது என்று அந்த மோதலே மல்யுத்த மேடையின் இலக்கணத்தில்தான் நடக்கிறது. எந்த ஏலியன் எது என்று தெரியாததுதான் அந்த ஜந்துவின் பலம். மேடையில் மோதும் பயில்வானுக்கோ அடையாளம் வேண்டும். கேன் முகத்தில் ஒட்டியதற்கும் நெஞ்சு பிளந்ததற்கும் இடையே இருந்த அந்த நீண்ட காத்திருப்பும் இங்கே இல்லை. நிமிடங்களில் குட்டி பிறக்கிறது, அடுத்த சில காட்சிகளில் முழு வளர்ச்சி. ஒரே இரவில் முடிய வேண்டிய போட்டிக்குக் காத்திருக்க நேரமேது? போதாததற்குச் சுவர்ச் சித்திரங்களைப் படித்துத் தொல்லியல் அறிஞர் முழு வரலாற்றையும் ஒப்பிக்கிறார். எங்கிருந்து, எதற்காக என்று 1979-ல் பதில் சொல்லாமல் வைத்திருந்த கேள்விகளுக்கெல்லாம் விடை: இவை பந்தயத்துக்காக வளர்க்கப்படும் பிராணிகள், இவற்றின் ராணி சங்கிலியில் கட்டி உறையவைக்கப்பட்டிருக்கும் முட்டை இயந்திரம்.

படம் சொதப்பியதற்குத் தணிக்கைதான் காரணம் என்பது ரசிகர்களிடம் அதிகம் கேட்கும் எதிர்வாதம். இரண்டு வரிசைகளிலும் முந்தைய ஆறு படங்களும் அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ் பெற்றவை, அதாவது 17 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்க முடியாது. இதற்கு மட்டும் சிறுவர்களும் வந்து டிக்கெட் வாங்கட்டும் என்று ‘பிஜி-13’ வாங்கினார்கள். ரத்தம் குறைந்தது, அதனால் பயம் குறைந்தது என்பது வாதம். நல்லவேளையாக இதைச் சோதித்துப் பார்க்க ஒரு படம் இருக்கிறது. 2007 கிறிஸ்துமஸ் அன்று வந்த இரண்டாம் பாகமான ‘ரெக்வியம்’ ‘ஆர்’ சான்றிதழோடுதான் வந்தது. அதை இயக்கிய ஸ்ட்ராஸ் சகோதரர்கள் தயங்கவே இல்லை. சிறுவனின் நெஞ்சு பிளக்கிறது. பிரசவ வார்டுக்குள் பூதம் நுழைகிறது. ரத்தத்துக்குக் குறைவில்லை, ஆனால் அருவருப்பு வந்ததே தவிர அச்சம் வரவில்லை. வசூலும் முதல் படத்தைவிடக் குறைந்தது. திரையே தெரியாத அளவுக்கு இருட்டாக எடுத்திருந்தார்கள் என்ற புகார் இன்றுவரை ஓயவில்லை. ஏலியனை மறுபடியும் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டால் பயம் திரும்பிவிடும் என்று நினைத்தார்கள் போலும். நமக்குத் தெரியாமல் இருக்க வேண்டியது அதன் உருவமல்ல. அந்தப் படத்திலும் ஒற்றைப் பிரிடேட்டர் ஒன்று தன் இனம் செய்த தப்பைத் துடைக்க வந்த காவல்காரனைப்போல ஊருக்குள் அலைகிறது. யார் பக்கம் நிற்பது என்பதில் அங்கும் குழப்பமில்லை.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. ஏலியனைக் கும்பலாக்கியது, சுட்டால் சாகும் பூச்சிகளாக்கியது, அதற்கு ஒரு ராணியைக் கொடுத்து எறும்புப் புற்றைப்போல விளக்கியது எல்லாம் ஜேம்ஸ் கேமரூனின் 1986 படம், அது பயமுறுத்தவில்லையா? பயமுறுத்தியது. ராணியின் வருகையால் புதிர் கொஞ்சம் கரைந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முட்டைகளை எரிக்கப்போகும் கதாநாயகி ரிப்ளியை அந்த ராணி பார்க்கும் கணத்தில் தாய்க்குத் தாய் புரிந்துகொள்வதுபோல ஏதோ நடக்கிறது. ஆனால் கேமரூன் ஒன்றில் உறுதியாக இருந்தார். ஏலியனுக்கு எதிரே நிற்பது மனிதர்கள் மட்டும்தான். துப்பாக்கியின் குண்டு எண்ணிக்கை குறைவதும், நியூட் என்ற சிறுமி தண்ணீருக்குள்ளிருந்து இழுத்துச் செல்லப்படுவதும் நம் வயிற்றைப் பிசைவது இழப்பதற்கு நம்மவர்களிடம் ஏதோ இருப்பதால். 2004 படத்தில் மனிதர்கள் வேறொருவர் வீட்டுச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட வழிப்போக்கர்கள். அவர்கள் செத்தாலும் பந்தயம் நடக்கும்.

காமிக்ஸில் இதே சேர்க்கை எடுபட்டதே என்பார்கள். மச்சிகோ நொகுச்சி என்ற பெண் அதிகாரி நடத்தும் குடியேற்றத்தில் நடக்கும் அந்தக் கதை நல்ல கதைதான். அதற்குப் பிறகு வந்த வீடியோ கேம்களும் நன்றாக விற்றன. ஆனால் காமிக்ஸ் எங்கே போய் முடிந்தது? அதிலும் ஒரு மூத்த பிரிடேட்டர் அந்தப் பெண்ணோடு கைகோக்கிறது. சாகும் தறுவாயில் அவள் நெற்றியில் தன் குலக்குறியைப் பதிக்கிறது. திரைக்கதையின் கன்னத்து முத்திரைக்கு மூலம் இதுதான். வேறு எழுத்தாளர், வேறு ஊடகம், பதினைந்து வருட இடைவெளி. எல்லாம் இருந்தும் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன என்றால், அந்த இடம் இந்தச் சேர்க்கையிலேயே பொதிந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். காமிக்ஸ் ஜெயித்தது அது யாரையும் பயமுறுத்த முயலாததால். கேம்களிலோ நீங்களே ஏலியனாக ஓடலாம், பிரிடேட்டராகச் சுடலாம். யாராக வேண்டுமானாலும் ஆகலாம் என்ற இடத்தில் எதற்குப் பயப்படுவது?

இது இந்த ஜோடிக்கு மட்டும் நேர்ந்த விபத்தும் அல்ல. 1943-ல் யுனிவர்சல் ஸ்டூடியோ ‘ஃபிராங்கன்ஸ்டைன் மீட்ஸ் தி உல்ஃப் மேன்’ எடுத்தது. லான் சானி ஜூனியரின் ஓநாய் மனிதன் தன் சாபத்தை நினைத்துக் கண்ணீர் விடுகிறான், சாக வழி தேடுகிறான். முழுக்க முழுக்க மனிதன். எதிரே பூதமாக நடித்த பேலா லுகோசிக்கு முதலில் வசனம் இருந்தது. படமெடுத்து முடித்தபின் ஸ்டூடியோ அதை மொத்தமாக வெட்டியெறிந்தது. கண் தெரியாதவன் என்ற விவரமும் வசனத்தோடு போய்விட்டதால், கைகளை நீட்டிக்கொண்டு தடுமாறி நடக்கும் ஒரு பொம்மைதான் திரையில் மிஞ்சியது. ஐந்தே வருடத்தில் அதே பூதங்கள் அபட் - காஸ்டெல்லோ என்ற நகைச்சுவை இரட்டையரைத் துரத்திக்கொண்டிருந்தன. ஜப்பானில் 1954-ல் அணுகுண்டின் சாம்பலிலிருந்து எழுந்துவந்த காட்ஸில்லா, 1962-ல் கிங் காங்கோடு மோதியபோது, மருந்துக் கம்பெனி முதலாளி ஒருவர் டி.வி. நிகழ்ச்சிக்கு விளம்பரம் தேடும் கேலிக்கதைக்குள் வந்து சேர்ந்தது. அங்கேயும் பெண்ணிடம் இரங்கும் மனம் காங்குக்கு; காட்ஸில்லா வில்லன். 2003-ல் ‘ஃபிரெடி வெர்சஸ் ஜேசன்’ படத்தில் கத்தியோடு திரியும் ஜேசனுக்கு, சக பிள்ளைகளால் கேலிசெய்யப்பட்டுத் தண்ணீரைக் கண்டு நடுங்கும் ஒரு குழந்தைப் பருவம் கிடைத்தது. 2021-ன் ‘காட்ஸில்லா வெர்சஸ் காங்’ படத்தில் காது கேளாத சிறுமியோடு காங் சைகையில் பேசுகிறது. நாடு, காலம், ஸ்டூடியோ எல்லாம் மாறியும் வாய்ப்பாடு மாறவில்லை: ஜோடியில் ஒன்றுக்கு மனம் கொடுக்கப்படும், அதற்கான விலையை மற்றது கட்டும்.

இங்கே ஒரு திருத்தம் தேவை. இந்தச் சந்திப்புகள்தான் பயத்தைக் கொன்றன என்று சொன்னால் அது மிகை. பெரும்பாலும் பயம் ஏற்கெனவே தேய்ந்தபிறகுதான் இரண்டு பூதங்களைச் சேர்த்துவைக்கும் யோசனையே வருகிறது. 1997-ன் ‘ஏலியன் ரிசரெக்ஷன்’ சோர்ந்துபோயிருந்தது. பிரிடேட்டர் 1990-க்குப் பிறகு திரைப்பக்கமே வரவில்லை. ஐந்தாவது ‘ஏலியன்’ படம் பற்றி யோசித்துக்கொண்டிருந்த கேமரூன், ஸ்டூடியோ இந்தச் சேர்க்கைக்குப் போகிறது என்று கேட்டதும் விலகிக்கொண்டார். அந்தப் பழைய யுனிவர்சல் படத்தைத்தான் உதாரணமாகக் காட்டினார். வேடிக்கை என்னவென்றால், படத்தைப் பார்த்தபின் பரவாயில்லையே என்று அவரே பாராட்டவும் செய்தார். இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்றரை மணி நேரம் உட்காரவைக்கும் சாகசப் படமாக அது மோசமில்லை. நிஜ அளவில் செய்து ஹைட்ராலிக் விசையால் இயக்கிய ராணி பனியைப் பிளந்துகொண்டு வரும் காட்சிக்கு இன்றும் கைதட்டலாம். குஸ்தி பார்க்கப் போனவனிடம் நீ ஏன் பயப்படவில்லை என்று கேட்பதும் முறையல்ல. என் புகார் அது சுவாரசியமாக இருந்ததன் மேல் இல்லை. பயத்தை விற்றுத்தான் அந்தச் சுவாரசியத்தை வாங்க முடிந்தது என்பதைக் கணக்கில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

விற்றதை மீட்க என்ன செய்தார்கள் என்பதும் இதையே காட்டுகிறது. 2012-ல் ‘ப்ரோமிதியஸ்’ எடுத்த ரிட்லி ஸ்காட், பனிப் பிரமிடு என்று ஒன்று நடந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. வெய்லண்ட் என்ற பெயரில் வேறொரு கிழவரைக் கொண்டுவந்தார். 2024-ன் ‘ஏலியன்: ரோமுலஸ்’ மறுபடியும் ஒரு பாழடைந்த விண்வெளி நிலையம், சில இளைஞர்கள், அந்த ஜந்து என்று சுருங்கிக்கொண்டு ஜெயித்தது. 2022-ன் ‘ப்ரே’ 1719-ம் வருடத்துக்குப் போய், கமாஞ்சி இனத்துப் பெண் ஒருத்தியின் எதிரே பிரிடேட்டரைத் தனியாக நிறுத்தியது. காட்ஸில்லாவும் இப்படித்தான், 2016-லும் 2023-லும் ஜப்பானியர்கள் அதை மறுபடி பயங்கரமாக்கியது அதற்கு எதிராளி எவனையும் கொடுக்காமல்.

ஆனால் ‘ப்ரே’ இயக்குநர் டான் டிராக்டன்பெர்க்கே 2025-ல் ‘பிரிடேட்டர்: பேட்லேண்ட்ஸ்’ படத்தில் இரண்டு உலகங்களையும் மறுபடி இணைத்தார். இந்த முறை பிரிடேட்டரை ஒளிவுமறைவில்லாமல் கதாநாயகன் ஆக்கிவிட்டார். டெக் என்ற அந்த இளைஞன் குலத்தால் ஒதுக்கப்பட்டவன். அவன் முதுகில் பாதி உடலோடு தொங்கிக்கொண்டு வரும் தியா, எல் ஃபானிங் நடித்த இயந்திரப் பெண். அவளைச் செய்து அனுப்பியது வெய்லண்ட்-யூட்டானி கம்பெனி. ஏலியன் வரிசையிலிருந்து டிராக்டன்பெர்க் எடுத்துக்கொண்டது அந்த ஜந்துவை அல்ல, ஜந்துவைப் பிடித்துவரச் சொல்லி ஆட்களைச் சாகக்கொடுக்கும் நிறுவனத்தை. 1979-லேயே கப்பலில் இருந்த ஏழு பேரைவிட மாதிரி உயிர் முக்கியம் என்று ரகசிய உத்தரவு போட்டது அதுதான்; 2004 படமோ அதை நோயில் இருமும் ஒரு நல்ல மனிதராகச் சுருக்கிவிட்டிருந்தது. லாபக் கணக்குக்கு மண்டையோடு கிடையாது. எந்த வேட்டைக்காரனாலும் அதை வெட்டிக் கேடயமாக்க முடியாது. அதனால் பிரிடேட்டரின் பக்கத்தில் நிறுத்தினாலும் அது சிறுக்கவில்லை. படத்தில் ஏலியன் தலைகாட்டவே இல்லை என்று சில ரசிகர்களுக்கு வருத்தம். தலைகாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பத்து நிமிடம் ஒரு நல்ல சண்டை நடந்திருக்கும், டெக் அந்தத் தலையையும் வெட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு அடுத்த காட்சிக்குப் போயிருப்பான்.